மலைக்கென்று மூன்று

கருவியில் பன்னிரண்டு மின்னியது.
நான் ஒன்பது என்று எழுதினேன்.
எயுசேபியா எட்டிப் பார்த்தாள்.
"மூன்றை யார் எடுத்துக்கொண்டது?"

மலை, என்றேன்.
இந்த உயரத்தில் காற்று மெலிவு,
உடம்பு கடன் வாங்கி ரத்தம் பெருக்கும்,
கடனைக் கழித்துவிட்டுத்தான்
கையிருப்பைச் சொல்ல வேண்டும்.

"அப்போது பாதரசம் என்று தோண்டிக்கொண்டு போனார்கள்.
இப்போது நீ வந்து
என் பிள்ளை விரலிலிருந்து மூன்று."

வாங்காவெலிகாவுக்கு மேலே,
பேருந்து திரும்பிப் போய்விடும் இடத்துக்கும் மேலே
அவள் வீடு.
ரோஸ்மேலுக்குப் பத்து மாதம்.
கன்னம் மட்டும் சிவப்பு. அது குளிர் போட்ட சிவப்பு.
இமையைக் கீழே இழுத்தால்
உள்ளே வெளுத்த துணி.

உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்
நான் கொடுத்த மூன்று சொட்டு மருந்துப் புட்டிகள்,
மூடி திறக்காமல்.
பல் கறுக்கிறதாம். வயிறு கட்டுகிறதாம்.
"நீ குடித்துப் பார்த்திருக்கிறாயா?"
அன்றுதான் குடித்தேன்.
துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருந்தது.
பொய் சொல்லவில்லை அவள்.

வயிற்றில் அவன் இருந்தபோது
என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன்.
எல்லோரும் சாப்பிட்ட பிறகு, என்றாள்.
என்ன என்றுதான் கேட்டேன்.
எப்போது என்று பதில் வந்தது.

நான் கேட்காமல் விட்டது ஒன்று,
சொல்லாமல் விட்டது ஒன்று.

ரோஸ்மேலை ஏந்தியவை இந்தக் கைகள்.
அந்த இரவு பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி அலறினாள்,
ஆம்புலன்ஸ் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது,
தொப்புள்கொடி தடித்து, நீலமாய்,
என் இரண்டு விரலுக்கிடையில்
துடித்தது.
தெரிந்தே வெட்டினேன்.
கால் கோப்பை ரத்தம்,
அவனுக்கென்று புறப்பட்டு
வழியில் நின்றுபோனது.
மறுநாள் தெயோஃபிலோ அதை
நஞ்சுக்கொடியோடு சேர்த்து
முறைப்படி, மரியாதையாகப் புதைத்தான்.

பிறகு ஒவ்வொரு வியாழனும் ஏறினேன்.
மருந்தை ஆரஞ்சுச் சாற்றில் கொடு,
முன்னும் பின்னும் தேநீர் வேண்டாம்.
கோழி அறுக்கும் நாளில்
கிண்ணத்தை நீ பிடி.

அந்த வீட்டில் கோழி ரத்தம் நாயின் பங்கு.
அது எத்தனை காலத்து வழக்கமோ.
வேகவைத்து, உதிர்த்து,
வெங்காயமும் புதினாவும் போட்டு
கிழங்கோடு மசித்து ஊட்டினாள்.
முதல் கரண்டியைத் துப்பினான்.
இரண்டாவதையும்.
மூன்றாவதில் பாதி உள்ளே போனது.
மீதிப் பாதிக்காகக் காத்திருந்த நாய்
அன்றிலிருந்து என்னைக் கண்டால் குரைக்கிறது.

அடுத்த பிரசவம் பிப்ரவரி மழையில்.
உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக் குத்தவைத்திருந்தாள்,
பின்னாலிருந்து தெயோஃபிலோ தாங்கினான்.
பெண். அழுதாள்.
அழுதவளைத் துடைத்து அவள் மார்பில் வைத்துவிட்டு
கத்தரியைத் தொடாமல் உட்கார்ந்தேன்.

ஒரு நிமிடம் என்பது
சும்மா இருக்கும் கைக்கு எவ்வளவு நீளம்.

அப்போதுதான் சொன்னேன்,
ரோஸ்மேலுக்கு நான் காத்திருக்கவில்லை என்று.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
வெகுநேரம் கழித்து,
"இன்னும் துடிக்கிறதா?"
துடிக்கிறது.
"அப்படியென்றால் இரு."

இருந்தேன்.
நீலம் வடிந்து, கொடி வெளுத்து,
ஈரக் கயிறாய்த் துவண்டு
என் விரல்களுக்கிடையில் ஓய்ந்தது.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்
நான் வெட்டவில்லை.

நேற்று அவளுக்கு ஆறு மாதம்.
எயுசேபியாவே குழந்தையின் விரலைப் பிரித்து நீட்டினாள்.
பதின்மூன்று புள்ளி ஆறு.
நான் பேனா எடுப்பதற்குள்
"மூன்றைக் கழி" என்றாள்.

பத்து புள்ளி ஆறு.
பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

ரோஸ்மேல் முற்றத்தில் எதையோ துரத்திக்கொண்டிருந்தான்.
அவள் கோழிகளைப் பார்த்தாள்.
நாய் எழுந்து
வெளியே போய்விட்டது.